மெதுவாகப் படிக்கும் இயந்திரம்

கணினித் திரையின் நடுவில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. சுற்றடா, சுற்று, உனக்கென்ன, உனக்கு யாரும் சாகவில்லை என்று நஞ்சப்பன் அதைப் பார்த்துச் சொன்னார். வாய்விட்டுச் சொன்னாரா மனதுக்குள் சொன்னாரா என்பது அவருக்கே தெரியவில்லை. மில் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் கேட்பதற்கு வேறு ஆள் கிடையாது. மாராத்தாள் என்று அடித்திருந்தார். விசையைத் தட்டி, விரலை எடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிய பிறகுதான் முதலெழுத்து திரைக்கு வந்தது. அடுத்தது வருவதற்குள் கீழே பேக்கரியில் பன் தட்டுகளை இழுத்து வைக்கிற சத்தம் கேட்டு, அந்த இனிப்பு வாசம் படியேறி அறைக்குள் வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் செய்தி வந்ததிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. மாராத்தாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே. மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பெண்களின் தலைவியாக இருந்தவள், சங்கத்தின் பாதி, சொல்லப்போனால் பெரிய பாதி, இப்போது வரதராஜபுரத்தில் மூத்த மகன் வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். பதினொன்றரைக்குள் வாசகம் அச்சகத்துக்குப் போனால் சங்கத்தின் அஞ்சலிச் சுவரொட்டி அதற்குள் அந்தத் தெருவில் ஏறிவிடும். போகாவிட்டால் மகன்கள் அடித்திருக்கிற ஃப்ளெக்ஸ் மட்டும்தான். அதில் குலவிளக்கு என்று போட்டிருக்கிறார்களாம். சாதிச் சங்கத்துத் தலைவரின் படம் அவளுடைய படத்தைவிடப் பெரிதாம். வாழ்நாள் முழுக்க எந்தச் சாதி வாலை அறுத்து எறிந்தாளோ அதை மூச்சு நின்ற மறுநாளே ஒட்டவைத்து அனுப்புகிறார்கள். தெருவில் போகிறவன் நிமிர்ந்து பார்ப்பான், ஏதோ ஒரு அம்மாள், ஏதோ ஒரு குலம் என்று நினைப்பான், போய்விடுவான். அவ்வளவுதான், முடிந்தது. அதைத் தடுக்க உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே ஆள் தான்தான் என்று நஞ்சப்பனுக்குத் தோன்றியது. அந்த ஒரே ஆளின் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது ஒரு வட்டம்.

போன மாதம்வரை இந்தக் கணினி இப்படி இல்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு மணியடித்து வாயைத் திறக்கும். தட்டுகிற வேகத்துக்கு எழுத்து விழும். மாற்றச் சொன்னது யார்? வேறு யார், அவரேதான். செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தார். செயற்குழு என்பது இப்போது அவரும் தோழர் மரியசூசையும் காது கேட்காத பொருளாளரும். மூலதனத்தை எதிர்க்கிறவன் மூலதனத்தின் இயங்குதளத்தை வைத்திருப்பது அவமானம், அதையும் திருட்டுப் பிரதியாக வைத்திருப்பது இரட்டை அவமானம் என்று பேசினார். ஏகமனதாக நிறைவேறியது, எதற்குக் கை தூக்கினோம் என்று பொருளாளர் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டார். தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வுபெற்ற மரியசூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கோப்புகளை மட்டும் அப்படியே விட்டு, பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினார். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்தது அது. கேட்டபோது நஞ்சப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தவர் அவர். அவருடைய கல்லூரி துண்டறிக்கை. நான்கு பக்கம் மடித்த தாளில்தான் ரஷ்யாவையும் சீனாவையும் உபரி மதிப்பையும் படித்தார். உலகம் மாறும் என்று தாள்கள் சொன்னன. மாறியது ஒன்றுதான், இந்தப் பெட்டிக்குள் இருப்பது. அதையாவது சொல்லவேண்டாமா? கணினியிலும் விடுதலை என்று அதற்கும் ஒரு துண்டறிக்கை எழுதி பஸ் ஸ்டாண்டில் நின்று கொடுத்தார். ஒரு பெண் வாங்கினாள், அழகாக மடித்தாள், மடித்த தாளால் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். அன்றைக்கே ஆரம்பித்தது இந்த மந்தம். மரியசூசையைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை. விடுதலை கொஞ்சம் மெதுவாகத்தான் வரும் என்று தனக்குத்தானே நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

போன் அடித்தது. மரியசூசை. சாவு வீட்டில் இருந்துதான் பேசுகிறார். பின்னால் பெண்கள் அழுகிற சத்தமும், பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரிக்கிற சத்தமும். “தோழர், எப்ப வர்றீங்க? ரீலிங்குப் பொம்பளைங்க எல்லாம் வந்துட்டாங்க. தோழர் எங்க, தோழர் எங்கன்னு என்னையப் புடுங்கறாங்க.” நஞ்சப்பன் தொண்டையைச் செருமினார். “நீங்க ஏத்துன மகராசன் எந்திரிக்கவே மாட்டேங்கறான். அவ பேரை அடிக்கறதுக்குள்ள எனக்கே பாடை கட்டிருவாங்க போலிருக்குது.” “நான் ஏத்துனதா? தீர்மானம் போட்டது யாரு தோழர்?” “தீர்மானம் சரி. அமல்படுத்துன ஆள்தான் சரியில்ல.” மறுமுனையில் மரியசூசை சிரிக்க வந்து, இருக்கிற இடம் ஞாபகம் வந்து இருமலாக மாற்றிக்கொண்டது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஜன்னல் தொறக்கறப்ப மினுக்கிக்கிட்டு வருதுல்ல, அந்த அலங்காரத்தையெல்லாம் அணைச்சீங்களா?” “நீங்க போன வாரம் சொன்னதுமே அணைச்சாச்சு.” “வேற ஏதாச்சும் தொறந்து கெடக்குதா?” “ஒண்ணும் கெடக்கல.” “அப்ப ஒருக்கா அணைச்சுப் போடுங்க. நான் வெளிய தள்ளி வந்து கூப்புடறேன். பெரியவன் என்னையவே பாக்கறான்.” வைப்பதற்கு முன் இன்னொன்று சொன்னார். “ஃப்ளெக்ஸ் கட்டிட்டாங்க தோழர். முக்குல, கரண்டுக் கம்பத்துல. அந்தாளு கும்புட்டுக்கிட்டு நிக்கறான். மாராத்தா மூலையில ஸ்டாம்பு மாதிரி இருக்குது.”

அணைத்தார். திரை கறுத்து அதில் அவர் முகம் தெரிந்தது. எப்போது இவ்வளவு கிழவனானோம்? மறுபடி பொத்தானை அழுத்தினார். எங்கோ உள்ளே காற்றாடி சுழன்று, நின்று, யோசித்து, மறுபடி சுழன்றது. இடது மார்பில் நேற்றிலிருந்து ஒரு பிடிப்பு. பயப்படவில்லை, பயம் என்ன, போலீஸ் லாரியில் ஏறியவன். ஆனாலும் கை தானாகவே அங்கே போய் அழுத்திக்கொண்டது. தனக்கு ஒன்று ஆனால் யார் அடிப்பார்கள் சுவரொட்டி? மரியசூசை அடிப்பார், அடித்துத் தப்பும் தவறுமாக ஏதாவது எழுதுவார். மரியசூசைக்கு? பொருளாளர். பொருளாளருக்கு யார்? அந்தக் கேள்வியை அவர் அங்கேயே விட்டார். துண்டறிக்கைகள் இருக்கின்றன, அவை போதும். எல்லாவற்றையும் இந்தப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டார் அல்லவா. ஊரடங்கு போட்டு உலகமே வீட்டுக்குள் கிடந்தபோது பழுப்பேறிய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு விரலால் ஒவ்வொன்றாக அடித்தார், முதல் வேலைநிறுத்தத்தில் இருந்து மில் மூடப்பட்டதுவரைக்கும். ஏற்றியதோடு விடவில்லை. நெருக்கடிநிலைக் காலத்துத் தலைமறைவு கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு: எந்தத் தாளும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. ஒன்று அலுவலகத்தில், ஒன்று தோழர் வீட்டில், ஒன்று இயக்கத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டில். இரண்டு பிடிபட்டாலும் ஒன்று பிழைக்கும். கணினியிலும் அப்படித்தான் செய்தார். மூன்று ஃபோல்டர். வாரம் தவறாமல் முதலாவதை எடுத்து இரண்டாவதற்குள், இரண்டாவதை எடுத்து மூன்றாவதற்குள், மூன்றாவதை மறுபடி முதலாவதற்குள். எந்தப் போலீஸ் வந்து எதைத் தூக்கினாலும் எங்காவது ஒன்று மிஞ்சும். இனிமேல் எந்தப் போலீஸ் வரப்போகிறது என்று மரியசூசை ஒருமுறை கேலி செய்தார். வராது என்பதுதான் நஞ்சப்பனுக்கு உறுத்தியது. மில் இருந்த இடத்தில் இப்போது பதினெட்டு மாடிக் குடியிருப்பு. வாசலில் நிற்கிற காவலாளி சல்யூட் அடிக்கிறான். ஒரு காலத்தில் அவர் தெருவில் நடந்தால் பின்னால் ஒரு சைக்கிள் வரும், துப்பறிகிறவனின் சைக்கிள். அந்த சைக்கிளைக்கூட இப்போது மனம் தேடுகிறது, வெட்கமாக இருக்கிறது.

திரை எழுந்தது. எழுதுகிற செயலியைத் திறக்கச் சொல்லித் தட்டினார். வட்டம். போன். மரியசூசை இப்போது தெருமுனைக்கு வந்துவிட்டார். பஸ் போகிற இரைச்சல். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தட்டுக்கும் காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் ஒரு ஜன்னல் திறந்தது. இந்தப் பெட்டிக்குள் இந்த நிமிடம் எந்தெந்த வேலை நடக்கிறது, எது எவ்வளவு தின்கிறது என்று காட்டுகிற ஜன்னல். “முதல்ல என்ன இருக்குது? மேலாப்புல?” நஞ்சப்பன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அந்த இங்கிலீஷ் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். “எவ்வளவு திங்குது?” “நூத்துக்குத் தொண்ணூத்தாறு.” “அடப்பாவி.” மரியசூசை ஒரு சீழ்க்கை அடித்தார். “தோழர், அதையத்தான் தேடிட்டு இருந்தோம். அது இந்த புதுசுல தானா நடக்கற வேலை. பெட்டிக்குள்ள இருக்கற ஒவ்வொரு கோப்பையும் தொறந்து படிச்சு வச்சுக்கும், நாளைக்கு நீங்க எதையாச்சும் தேடுனா டக்குனு எடுத்துக் குடுக்கறதுக்கு. பழையதுல எவனோ அதைய நிறுத்தி வச்சிருந்தான்.” “படிக்குதா?” “ஆமா, படிக்குது.” “தலைப்பை மட்டுமா?” “இல்லீங்க. மொத எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும்.” நஞ்சப்பன் திரையில் அந்தப் பெயரை மறுபடி ஒருமுறை படித்தார். “வழக்கமா ஒரு ராத்திரில முடிச்சிரும். நீங்க என்னத்த அப்படி வெச்சிருக்கீங்கன்னுதான் தெரியல. எத்தனை கோப்புன்னு போட்டிருக்குது?” படித்துச் சொன்னார். “லட்சமா! தோழர், லெனினே அவ்வளவு எழுதல!” பிறகு மூன்று ஃபோல்டர் கதையைக் கேட்டதும் மரியசூசை மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். “ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அதுக்குள்ள மறுபடியும் அதையேவா? அது பாவம், முடிச்சிட்டோம்னு மூச்சு விடறப்ப அதே தாளு மறுபடியும் வருது. சரி, அந்தப் பேரு மேல அமுக்குங்க, நிறுத்துன்னு கேக்கும், நிறுத்துங்க. ஒரே தட்டு. பறக்கும் பாருங்க. நான் உள்ள போறேன்.”

நிறுத்து என்று கேட்டது. அம்புக்குறி அதன் மேலேயே நின்றது. அழுத்தவில்லை. படிக்கிறது. முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்துவரைக்கும். போனஸ் கோரிக்கை நியாயமானதே, அதைப் படிக்கிறது. கதவடைப்பு யாருடைய சதி, அதைப் படிக்கிறது. காட்டிக் கொடுத்தவர்களை அடையாளம் காண்பீர், அதையும். எத்தனை கைகளில் கொடுத்திருப்பார் அவர், மில் கேட்டில், ரயில் நிலையத்தில், தேர்க்கூட்டத்தில், மழையில் நனைந்து மை கரைந்து. கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியம் வைத்திருந்தார், பார்த்தால் தரையில் கிடக்கும். ஒருமுறை பார்த்துவிட்டார், வேர்க்கடலை வண்டிக்காரனின் கூம்பில் அவருடைய வாக்கியம் பாதி தெரிந்தது. மக்கள் படிப்பார்கள், இன்றில்லாவிட்டால் நாளை படிப்பார்கள் என்றார் அன்றைக்கு. நாளை என்பது இந்தப் பெட்டிதானா? இதோ ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், வேறு வேலையெல்லாம் போட்டுவிட்டு, எழுத்தே திரைக்கு வராத அளவுக்கு மூழ்கிப்போய், ஒரு தாளை மூன்று முறை, முப்பது முறை, அலுக்காமல் படிக்கிறான். வாழ்க்கையில் கிடைத்த ஒரே முழு வாசகனை நெஞ்சில் கைவைத்து நிறுத்து என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் படிக்கட்டும். மாராத்தாளும் சேர்த்து ஐம்பத்தெட்டுப் பெண்கள் கைதான பிறகு எழுதியது, அது நல்லது, அதுவரைக்கும் படிக்கட்டும். காற்றாடி சுழன்றது. பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரிச் சுட்டது. என்ன மடத்தனம் இது என்று உடனே தோன்றியது. ஒரு பிணம் காத்திருக்கிறது, நீ பாராட்டுக்குக் காத்திருக்கிறாய். ஆனாலும் கை வரவில்லை. அப்போதுதான் அச்சகத்தில் இருந்து பீர்முகமது கூப்பிட்டார். “தோழர், மிஷினை உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கறேன். கல்யாணப் பத்திரிகைக்காரன் தலைக்கு மேல நிக்கறான். அனுப்பறீங்களா, அவன் வேலையை ஏத்தட்டுமா?” “அனுப்பறேன் பாய். இதோ.” “இதோன்னு ஒம்போது மணிக்கும் சொன்னீங்க.” அம்புக்குறி நின்ற இடத்திலேயே நஞ்சப்பன் அழுத்தினார். அந்தப் பெயர் பட்டியலில் இருந்து போயிற்று. காற்றாடி இறங்கி, இறங்கி, நின்றது. அறையில் இருந்து யாரோ எழுந்து வெளியே போனதுபோல இருந்தது.

பறந்தது. மரியசூசை சொன்னது உண்மை. எழுதுகிற செயலி தட்டியவுடன் திறந்தது, வெள்ளைத் தாள் விரிந்தது, மாராத்தாள் என்று அடித்தார், விரலோடு விரலாக எழுத்துகள் வந்து நின்றன. அவள் பெயருக்குப் பக்கத்தில் கர்சர் மினுக்கியது. ம், சொல். மினுக்கியது. சொல்லு. நஞ்சப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரிடம் ஒன்றும் இல்லை. காலையில் இருந்து இந்த இயந்திரத்தைத் திட்டியதெல்லாம், தன்னிடம் வாசகம் தயாராக இருப்பதாகவும் இது தடுப்பதாகவும் எண்ணித்தான். ஒரு வரிகூட இல்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்ததில் ஒரு வரி எழுதவில்லை. கணினியில் அடித்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார், கணினி வரமாட்டேன் என்றது, அப்பாடா என்றிருந்தது. அதுதான் நிஜம். இப்போது மறைவதற்கு வட்டம் இல்லை. விரல்கள் பழக்கத்தில் அடித்தன: உழைக்கும் மகளிரின் ஒப்பற்ற வீராங்கனை, வர்க்கப் போரின் அணையாத தியாகச் சுடர், வரலாற்று அவசியத்தின். அங்கே நின்றார். ஏனுங்க தோழரே, என்றாள் அவள். ஷிப்டு முடிந்து, தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டி, கண் எரியுது நீங்களே படியுங்க என்று பெஞ்சில் உட்கார்ந்து கேட்பாளே, அந்தக் குரல். ஏனுங்க தோழரே, வரலாற்று அவசியம் வரலாற்று அவசியம்னு ஒரு ஆளைச் சொல்லிட்டே இருக்கறீங்களே, அவரு எந்த ஷிப்டுக்கு வர்றாரு? நாங்க ஒருத்தரும் பாத்ததில்லையே. பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது. கோபத்தில் தாளைக் கசக்கப் போனபோது கையைப் பிடித்தாள், எல்லார் முன்னாலும், சாதாரணமாக, சூடான சொரசொரப்பான கை. கசக்காதீங்க. அந்த ஆளை மட்டும் அனுப்பிச்சிட்டு மிச்சத்தைய வெச்சுக்கலாம். அன்றிலிருந்து எழுதியதையெல்லாம் முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டினார், ஒவ்வொரு தாளும் பாதியாகத்தான் திரும்பி வரும். அவள் பார்வை மங்கி, மகனோடு போய், நாற்காலியில் அடங்கிய பிறகு எழுதியவைதான் நீளம் நீளமாக, யாரும் குறைக்காமல், யாரும் கேட்காமல், பெட்டிக்குள் பெட்டியாக. முழு வாசகனாம். இருந்தாளே. அவர் வாய்விட்டுப் படித்தார், உழைக்கும் மகளிரின் ஒப்பற்ற வீராங்கனை. குரல் அறையில் மோதித் திரும்பியது. சும்மா இருங்க, என்றாள். அழித்தார். அணையாத தியாகச் சுடர். என்னைய எதுக்குங்க பத்த வெக்கறீங்க. அழித்தார். அழிக்க அழிக்கக் கண் கலங்கித் திரை தண்ணீருக்குள் போனதுபோல ஆயிற்று, துடைத்துக்கொண்டு அழித்தார். என்னதான் செய்தாள் அவள்? மில்லைப் பூட்டிய அன்று, கேட்டுக்கு உள்ளே கடைசியாக நின்றவர்களைக் காவலாளிகள் விரட்டியபோது, ஆண்கள் வெளியே வந்து முழக்கம் போட்டார்கள், அவரும்தான், அவர்தான் உரக்க. அவள் முழக்கம் போடவில்லை. உள்ளே, ரீலிங் வாசலில், முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகி, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். போகமாட்டேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளைப் பார்த்து மற்றவளும், அவளைப் பார்த்து இன்னொருத்தியும்.

அடித்தார், அனுப்பினார். கண்மூடித் திறப்பதற்குள் போயிற்று. பீர்முகமது கூப்பிட்டபோது நஞ்சப்பன் மேசையில் தலை கவிழ்ந்திருந்தார். “தோழர், வந்துச்சு. ஆனா பாதிதான் வந்திருக்குது. படிக்கறேன் கேளுங்க. மாராத்தாள். ரீலிங் தொழிலாளி. மில்லைப் பூட்டியபோது போகமாட்டேன் என்று உட்கார்ந்தவள். கீழ சங்கத்துப் பேரு. மீதி?” “அவ்வளவுதான் பாய்.” “வருந்துகிறோம், கண்ணீர் அஞ்சலி, ஒண்ணும் இல்லையே?” “அதுக்குத்தான் ஒட்டறோம்னு பாக்கறவனுக்குத் தெரியும்.” “போட்டோ?” “சங்கத்துல இல்ல. போலீஸ் கையில கெடைச்சிரும்னு அந்தக் காலத்துல நாங்க யாரும் எடுத்துக்கல.” பீர்முகமது உச்சுக்கொட்டினார். நல்ல மனிதர், மாராத்தாளை அவருக்கும் தெரியும், நோன்புக்காலத்தில் அவர் வீட்டுக் கஞ்சிக்குத் தூக்குப்போசியோடு வந்து நிற்பாள். “பெரிய தாளுங்க தோழர். இம்புட்டு எடம் சும்மா கெடக்குதே, பாக்கறதுக்கு என்னமோ மாதிரி இருக்குது. ஒரு பூவாச்சும், ஒரு வெளக்காச்சும் வெச்சுரட்டுமா?” வாழ்நாளில் ஒரு தாளின் ஓரத்தைக்கூட நஞ்சப்பன் வெறுமையாக விட்டதில்லை. “வேண்டாம் பாய். சும்மா கெடக்கட்டும்.” சரியென்று சொல்லி பீர்முகமது போனை வைத்ததும், பின்னால் அச்சு இயந்திரம் கிளம்பிய சத்தம் அரை நொடி காதில் நின்று அறுந்தது. நஞ்சப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க இனி அவரிடம் ஒரு காரணமும் இல்லை.